டயர் தேய்ந்தால் சாரதியைத் திட்டாதீர்கள்

வியாபாரிகளாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கடையில் ஒரு கோப்பை உடைந்தால் விற்பனைப் பையனைத் திட்டுவோம். கல்லாவில் நூறு ரூபா குறைந்தால் காசாளரைத் திட்டுவோம். வாகனத்தில் டயர் தேய்ந்தால் சாரதியைத் திட்டுவோம். முதல் இரண்டிலும் நாங்கள் சரியாக இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். மூன்றாவதில் பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கிறோம். இதை நான் வேறு யாரையும் பார்த்து எழுதவில்லை. என் சொந்த அனுபவத்தில் பட்டு, நட்டப்பட்டு, வெட்கப்பட்டு எழுதுகிறேன்.

நான் அக்குறணையில் பிளாஸ்டிக் சாமான்களும் பீங்கான் கோப்பைகளும் மொத்தமாக விற்பவன். வாரத்தில் இரண்டு தடவை எங்கள் வேன் புறக்கோட்டைக்குப் போய் சரக்கு ஏற்றி வரும். கண்டியிலிருந்து கொழும்புக்கு சுமார் 115 கிலோமீற்றர். போக வர எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். எனவே டயர் என்பது எனக்கு வாகனத்தின் ஓர் உறுப்பு மட்டுமல்ல, அரிசி, பருப்பு போல மாதச் செலவில் வரும் ஒரு சாமான்.

2022 ஆம் ஆண்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிச் சாமான் எதுவாக இருந்தாலும் விலை தலைக்கு மேல் ஏறியது. டயரும் அப்படித்தான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் இருக்கிற பழைய வாகனத்தை வைத்துத்தான் எல்லோரும் பிழைப்பு நடத்தினோம். இந்த நிலையில் 2023 இன் ஆரம்பத்தில் வேனுக்கு முன் டயர்கள் இரண்டும் புதிதாகப் போட்டேன். காசை எண்ணிக் கொடுக்கும்போது கை நடுங்கியது.

ஐந்து மாதம் போகவில்லை. சாரதி வந்து, "முதலாளி, முன் டயர் ரெண்டும் முடிஞ்சிட்டுது" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "நீ பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ஓட்டுறாய். டயர் என்ன மரத்திலயா காய்க்குது?" என்று கடையில் ஆட்கள் நிற்கும்போதே சத்தம் போட்டேன். அதோடு நிற்கவில்லை. அவனுடைய சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் வீதம் மூன்று மாதம், மொத்தம் பதினைந்தாயிரம் ரூபா வெட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை மட்டும் சொன்னான். "அந்தக் குழியில விழுந்த நாள்ல இருந்து ஸ்டியரிங் கோணலா நிக்குது முதலாளி. நான் அப்பவே சொன்னேன்."

உண்மைதான், சொல்லியிருந்தான். அதற்கு நான் சொன்ன பதிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஓடுதுதானே? ஓடுற வண்டியில கை வைக்காதே."

மாவனல்லையில் ஒரு தொலைபேசி அழைப்பு

இரண்டாவது தடவை டயர் போட்டபோது கொஞ்சம் புத்தி வந்து, வீல் எலைன்மென்டும் செய்யச் சொன்னேன். கடைக்காரர் செய்ததாகச் சொல்லி பற்றுச்சீட்டில் எழுதிக் காசும் எடுத்தார். விடயம் முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு பின்னேரம் சாரதியிடமிருந்து அழைப்பு வந்தது. கேகாலையைத் தாண்டி மாவனல்லைக்கு வரும் வழியில் ஒரு வளைவில் இடதுபக்க முன் டயர் வெடித்து, வேன் பாதையோரக் கானுக்குள் இறங்கிவிட்டதாம்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பீங்கான் எல்லாம் உடைஞ்சிட்டா?"

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கிறோம் முதலாளி" என்றான். நான் கேட்காத கேள்விக்கு அவனே பதில் சொன்னான். அவனோடு போயிருந்த கடைப்பையனுக்கு வயது பத்தொன்பது.

கூட்டாளி ஒருவரின் காரில் ஏறிப் போனேன். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. சாரதி பதறி பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரத்துக்குக் கொண்டுவந்திருந்தான். முன் டயர் வெடித்தால் செய்ய வேண்டியது அதுதான். பிரேக்கை மிதித்துத் தேய்க்கிறான் என்று நான் யாரைத் திட்டினேனோ, அவன் பிரேக்கை மிதிக்காததால்தான் அன்று வேன் புரளவில்லை.

பக்கத்தில் ஒரு சிறிய டயர் கடை. அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். எல்லோரும் அவரை நாநா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வெடித்த டயரையும், மறுபக்க முன் டயரையும் கழற்றி எனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார். இரண்டு டயரிலும் வெளிப்பக்கம் பள்ளங்கள் தெளிவாக, புதிது போல இருந்தன. உள்பக்க ஓரம் மட்டும் மொட்டை. வெடித்த டயரில் இறப்பர் போய் உள்ளே இருக்கும் கம்பி நூல் நூலாக வெளியே வந்திருந்தது.

"தம்பி, இத யார் தேய்ச்சது?" என்று கேட்டார்.

"சாரதிதான்..." என்று இழுத்தேன்.

"பிரேக் அடிச்சு தேயிறதா இருந்தா உள்பக்கம் மட்டும் ஏன் தேயணும்? வெளிப்பக்கம் தரையில படல்லியா?" என்றார்.

நான் சாதாரண தரம் வரை படித்தவன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதற்கு மேல் படிப்புத் தேவையில்லை. ஆனாலும் பத்து மாதமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அவர் வேனுக்குக் கீழே படுத்துப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகும் டை ரொட் கம்பி இலேசாக வளைந்திருந்தது. அதன் முனையில் இருக்கும் மூட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குழியில் விழுந்த நாளின் வேலை அது. அன்று விடிய ஐந்து மணிக்கு இதே டயரோடுதான் இரண்டு பேரும் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கியிருந்தார்கள். டயர் அங்கே வெடித்திருந்தால் நான் இந்தப் பத்தியை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும், அல்லது எழுதியே இருக்க மாட்டேன்.

ஒரு பென்சிலின் தடிப்பு

வீல் எலைன்மென்ட் என்றால் என்ன? எங்களில் பலர் அதைக் கடைக்காரன் காசு பிடுங்கும் ஒரு வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விடயம் இதுதான். சில்லுகள் நிற்கும் கோணங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது டோ. வாகனத்தை மேலிருந்து பார்த்தால் இரண்டு முன் சில்லுகளும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும். எங்கள் கால் பாதங்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். விரல்ப்பக்கம் வெளியே விரிந்து நின்றால் டயரின் உள் ஓரம் தேயும். விரல்ப்பக்கம் அளவுக்கு மேல் உள்ளே திரும்பி நின்றால் வெளி ஓரம் தேயும். என் வேனில் நடந்தது முதலாவது.

இரண்டாவது கெம்பர். முன்னால் நின்று பார்த்தால் சில்லு நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பது. சாய்ந்த பக்கத்து ஓரம் தேயும்.

மூன்றாவது காஸ்டர். இது டயரைப் பெரிதாகத் தேய்க்காது. ஆனால் வாகனம் நேராக ஓடுவதும், வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதும் இதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் வித்தியாசப்பட்டால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும்.

இதில் டயரை அதிகம் தின்பது டோதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம், நாங்கள் வியாபாரிகள்தானே. ஒரு சில்லு வெறும் அரைப் பாகை திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேன் டயர் ஒன்றில் அது முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒரு பென்சிலின் தடிப்பு கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சில்லு 1 கிலோமீற்றர் ஓடும்போது கிட்டத்தட்ட 9 மீற்றர் தூரம் பக்கவாட்டில் தரையோடு இழுபடுகிறது. கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒரு தடவை போனால் ஏறக்குறைய 1 கிலோமீற்றர். வாரத்தில் இரண்டு தடவை போய் வந்தால் 4 கிலோமீற்றர். டயரை உருட்டிக்கொண்டு போவதற்குப் பதிலாக, வாரத்துக்கு 4 கிலோமீற்றர் தார்ப் பாதையில் வைத்து உரைஞ்சிக்கொண்டு போகிறோம். எந்த டயர் தாங்கும்?

இதைக் காசாக்கிப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு டயர் 30,000 ரூபா என்றும், ஒழுங்காக ஓடினால் 40,000 கிலோமீற்றர் வரும் என்றும் வையுங்கள். கிலோமீற்றருக்கு 75 சதம். அதே டயர் 12,000 கிலோமீற்றரில் முடிந்தால் கிலோமீற்றருக்கு 2 ரூபா 50 சதம். முன் டயர்கள் இரண்டுக்கும் சேர்த்து 40,000 கிலோமீற்றருக்கு 60,000 ரூபா செலவாக வேண்டிய இடத்தில் 200,000 ரூபா செலவாகிறது. 140,000 ரூபா பாதையில் தூளாகப் போகிறது. எலைன்மென்டுக்கும் ஒரு டை ரொட் மூட்டுக்கும் நாங்கள் கொடுக்கப் பின்வாங்கும் காசு இதற்கு முன்னால் எம்மாத்திரம்? சில்லு இழுபடும்போது என்ஜினுக்கும் அது பாரம்தான், எரிபொருளும் கூடுதலாகப் போகும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டயரைப் படிக்கப் பழகுங்கள்

மாவனல்லை நாநா சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்தது. "சாரதி பொய் சொல்லலாம், கராஜ்காரன் பொய் சொல்லலாம், டயர் பொய் சொல்லாது" என்றார். அவரிடம் நான் கற்றதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வாசகர்களுக்காக எழுதுகிறேன். வெட்டி எடுத்து வேனுக்குள் வைத்துக்கொண்டாலும் நல்லது.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால்: காற்றுக் குறைவு. சாரதியின் குற்றமும் இல்லை, டயரின் குற்றமும் இல்லை. மாதக்கணக்கில் காற்றுப் பார்க்கவில்லை.

நடு மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகம். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அது தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. அடிக்க வேண்டிய அளவு பெரும்பாலும் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். பாரம் ஏற்றினால் எவ்வளவு என்பதையும் அதில் அல்லது வாகனத்தோடு வந்த புத்தகத்தில் பார்க்கலாம். ஓடிச் சூடான டயரில் அளவு கூட்டித்தான் காட்டும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்: எலைன்மென்ட், அல்லது புஷ், போல் ஜொயின்ட் தேய்ந்து சில்லு சாய்ந்திருக்கிறது.

குறுக்கே கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வாள் பல்லைப் போலச் சொரசொரத்தால்: டோ பிழை. இந்த அடையாளம் ஓரம் மொட்டையாவதற்கு முன்பே வந்துவிடும். தடவும்போது கவனம், கம்பி வெளியே வந்திருந்தால் கையைக் கிழித்துவிடும்.

சுற்றிவர மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால்: ஷொக் எப்சோபர் முடிந்துவிட்டது, அல்லது சில்லு பெலன்சிங் இல்லை. சில்லு தரையில் உருளாமல் துள்ளிக்கொண்டு போகிறது.

ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால்: சில்லு சுற்றாமல் இறுகி நிற்கும்படி பிரேக் பிடித்திருக்கிறார்கள். பிரேக்கே கோளாறாகவும் இருக்கலாம். சாரதியிடம் விளக்கம் கேட்க வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அப்போதும் முதலில் பிரேக்கைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

உள் ஓரத்தைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. நாங்கள் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது வெளி ஓரம்தான் தெரியும். அது நன்றாக இருந்தால் டயர் நல்லது என்று தீர்மானிக்கிறோம். வாகனத்தை நிறுத்திவைத்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். முன் டயரின் உள் ஓரம் தெரியும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்காததால்தான் கானுக்குள் போய் நின்றேன்.

டயரின் பள்ளத்துக்குள் சிறிய மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மழையில் தண்ணீரை வெளியே தள்ள அதற்குப் பிறகு பள்ளம் இருக்காது. புது டயர் வாங்கும்போதும் ஒன்றைப் பாருங்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. மலிவு என்று சொல்லித் தருவது எத்தனை வருடம் களஞ்சியத்தில் கிடந்தது என்று அப்போது தெரியும். காலாவதித் திகதி பார்க்காமல் நாங்கள் பால்மா வாங்குகிறோமா?

கடையில் கேட்க வேண்டியவை

என்னிடம் எலைன்மென்டுக்குக் காசு வாங்கிய கடையின் பெயரை எழுத மாட்டேன். அவர் அளவை மாற்றியிருக்கலாம். ஆனால் மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அளவை மாற்றி என்ன பயன்? கால் உடைந்த தராசில் படிக்கல்லைச் சரிபார்ப்பது போலத்தான். வாகனம் கடையை விட்டு வெளியேறி முதல் பள்ளத்தில் விழுந்ததும் அளவு மீண்டும் கலைந்துவிடும்.

எனவே கடைக்குப் போனால் இந்த ஒழுங்கைக் கேளுங்கள். முதலில் நான்கு டயரிலும் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். அடுத்து ஜெக் போட்டுச் சில்லை உயர்த்தி ஆட்டிப் பார்த்து, டை ரொட் முனை, போல் ஜொயின்ட், பெயாரிங், புஷ் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தேய்ந்ததை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் எலைன்மென்ட். முடிந்த பிறகு ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். கணினி இயந்திரம் உள்ள கடையாக இருந்தால், செய்வதற்கு முன் இருந்த அளவும் செய்த பின் வந்த அளவும் ஒரு தாளில் வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். பற்றுச்சீட்டில்லாமல் சரக்கு வாங்குவதில்லை என்று சொல்லும் நாங்கள், இதற்கு மட்டும் ஏன் வாய் வார்த்தையை நம்ப வேண்டும்?

இன்னொன்று. பல சிறிய கார்களில் இருக்கிறபடியே திருப்பக்கூடியது முன் சில்லுகளின் டோ மட்டும்தான். கெம்பர் பிழையாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். "எல்லாம் சரிபண்ணிட்டோம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பெலன்சிங்கையும் எலைன்மென்டையும் ஒன்றென்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வேகமாக ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் பெலன்சிங். ரிம்மில் சிறிய பாரத்துண்டு வைத்துச் சரிசெய்வார்கள். ஸ்டியரிங் கோணலாக நின்றால் அல்லது டயரின் ஓர் ஓரம் தேய்ந்தால் எலைன்மென்ட். இரண்டும் இரண்டு வேலை, ஒன்று மற்றதைத் தீர்க்காது. முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடுவது நல்ல பழக்கம்தான், 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை செய்யலாம். ஆனால் கோணம் பிழையாக இருக்கும்போது மாற்றிப் போட்டால் இரண்டு டயருக்குப் பதிலாக நான்கு டயர் பழுதாகும்.

லொறி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். பின்னால் ஜோடியாக ஓடும் டயர்களில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடாதீர்கள். இரண்டின் சுற்றளவும் வேறு, ஆனால் சுற்றுவது ஒன்றாகத்தான். சிறியது தரையில் உரைஞ்சித் தேயும், பெரியது பாரத்தைச் சுமந்து சூடாகும். லொறி பின்னாலிருந்து பார்க்கும்போது நண்டு மாதிரிச் சரிந்து ஓடினால், ஸ்பிரிங் தகடுகளைப் பிடித்திருக்கும் நடு போல்ட் உடைந்து பின் அச்சு நகர்ந்திருக்கலாம். அப்போது முன் சில்லில் எவ்வளவு எலைன்மென்ட் செய்தாலும் பிரயோசனமில்லை.

யார் காசு, யார் உயிர்

இதை வாசித்துவிட்டு, "வியாபாரத்தில் ஆயிரம் வேலை இருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். சாமானுக்கு ஐந்து ரூபா குறைக்க கெய்சர் வீதியில் பத்துக் கடை ஏறி இறங்க எங்களுக்கு நேரம் இருக்கிறது. இதற்கு மாதத்தில் பத்து நிமிடம் போதும்.

"சாரதிமாரிடம் கண்டிப்பாக இல்லாவிட்டால் வாகனத்தை நாசமாக்கிவிடுவார்கள்" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவனமில்லாத சாரதிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் குற்றத்தை நிரூபிக்க முன் தண்டனை கொடுப்பது கண்டிப்பாகாது. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றிருக்கிறது. கோளாறைச் சொன்னால் ஏச்சு விழும், டயர் தேய்ந்தால் சம்பளத்தில் வெட்டு விழும் என்று தெரிந்த சாரதி அடுத்த தடவை ஒன்றும் சொல்ல மாட்டான். என் சாரதியும் அப்படித்தான். இரண்டாவது ஜோடி டயர் தேயத் தொடங்கியதை அவன் கண்டிருக்கிறான். பதினைந்தாயிரத்தை நினைத்து வாய் திறக்கவில்லை. பிறகு அவனே என்னிடம் சொன்னான். அவனுடைய வாயை அடைத்தது நான்தான்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கு வேனைக் கொண்டுபோகிறோம். அது கட்டாயம் என்பதால் போகிறோம். சில்லின் கோணத்தைக் காட்டும்படி என் வேனிடம் எவரும் கேட்டதில்லை. எனவே அதைப் பார்க்கும் பொறுப்பு வாகனச் சொந்தக்காரனுடையது. வாகனம் எங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் அதற்குள் இருப்பவர்கள் அவர்களுடைய வீட்டாரால் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விடிய ஐந்து மணிக்கு இறக்கத்தில் இறங்குவது நாங்கள் அல்ல, அவர்கள்.

என் கடையில் இப்போது ஒரு கொப்பி தொங்குகிறது. டயர் போட்ட திகதி, அப்போது மீற்றரில் இருந்த கிலோமீற்றர், காற்றுப் பார்த்த நாள், எலைன்மென்ட் தாள், சாரதி சொன்ன கோளாறு, அதற்கு நான் செய்தது என்ன. ஆறு கோடுகள்தான். கடைசி இரண்டு கோடுகளையும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். சாரதி சொன்னதற்கு நேரே என் பக்கம் வெறுமையாக இருந்தால் யார் குற்றவாளி என்று கொப்பியே சொல்லிவிடும். அந்த விபத்துக்குப் பிறகு போட்ட முன் டயர்கள் 30,000 கிலோமீற்றரைத் தாண்டியும் இரண்டு ஓரமும் ஒரே அளவாக ஓடின. சாரதி மாறவில்லை, ஓட்டும் விதமும் மாறவில்லை. மாறியது ஒரு வளைந்த கம்பியும் ஒரு மூட்டும்தான்.

வெட்டிய பதினைந்தாயிரத்தை அந்த வாரமே அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். கடையில் ஆட்கள் நிற்கும்போதுதான் திட்டினேன், ஆகவே ஆட்கள் நிற்கும்போதே கொடுத்தேன். "என்னுடைய பிழை தம்பி" என்றும் சொன்னேன். அவன் காசை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பின் டயர் வலது பக்கத்திலயும் ஒரு சத்தம் வருது முதலாளி, பெயாரிங் போல" என்றான்.

அன்றைக்கே கராஜுக்கு அனுப்பினேன்.